ஸ்டீரொயிட் குளிசையை நிறுத்தியதும் சொரியாசிஸ் உடல் முழுவதும் பரவியது: உணவா, மருந்தா காரணம்?

நெற்காணி, செங்கலடி எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எனது மூத்த அண்ணனுக்கு நீண்ட காலமாகச் சொரியாசிஸ் உண்டு. முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் மட்டும் வெள்ளிச் செதிலோடு இருந்து, பெரும்போக வேலை மும்முரமாகும் நாட்களில் சற்றுக் கூடி, பின்னர் தணிந்துவிடும். கிளினிக்கில் கொடுக்கும் பூச்சு மருந்தும் தேங்காயெண்ணெயுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

கடந்த மாரியில் அவருக்கு ஆஸ்துமா முட்டு ஏற்பட்டபோது தனியார் வைத்தியர் ஒருவர் சில நாட்களுக்கு மட்டும் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீரொயிட் குளிசை எழுதிக் கொடுத்தார். முட்டு அடங்கியது மட்டுமல்லாமல், தோலில் இருந்த படைகளும் வியக்கத்தக்க வகையில் மறைந்தன. அதைக் கண்ட அண்ணன் பழைய மருந்துத் துண்டைக் காட்டியே பாமசியில் அதே குளிசையை மீண்டும் மீண்டும் வாங்கி, அறுவடை முடியும் வரை குடித்து வந்திருக்கிறார். முகம் வீங்கியதையும் இரத்தத்தில் சீனி கூடியதையும் அண்ணி கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகு, ஒரே நாளில் அனைத்தையும் நிறுத்திவிட்டார்.

அதன் பின்னர் இரண்டு வாரங்களுக்குள் முதுகு, வயிறு, தொடை எல்லாம் சிவந்து எரியத் தொடங்கின. நேற்றிரவிலிருந்து அந்தச் சிவப்பின் மேல் ஊசிமுனை அளவில் மஞ்சள் கலந்த வெள்ளைக் கொப்புளங்கள் தோன்றியுள்ளன; குளிரும் நடுக்கமும் இருக்கின்றன. அண்மையில் ஒரு திருமண வீட்டில் இறால் சாப்பிட்டதே காரணம், அது கிரந்தி, அதாவது தோல் வருத்தத்தைக் கிளப்பும் உணவு, என்று உறவினர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். நிறுத்திய குளிசையை மீண்டும் தொடங்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். முன்பு கிளினிக்கில் சொரியாசிஸுக்கு மெதொட்ரெக்சேட் என்னும் குளிசையைத் தொடங்கலாம் என்று கூறியிருந்தார்கள். அது புற்றுநோய் மருந்து என்று மாமா ஒருவர் பயமுறுத்தியதால் அண்ணன் மறுத்துவிட்டார். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டவும்.

ஓய்வுநிலை மருந்தாளர் எழுதியது:

தம்பி, விளக்கங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சிவந்த தோலின் மேல் சீழ்க் கொப்புளங்கள், காய்ச்சல், நடுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்குமாயின் அது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய நிலை அல்ல. இன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் வரும். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

செல்லும்போது கிளினிக் கொப்பியோடு, வீட்டிலுள்ள எல்லாக் குளிசை அட்டைகளையும் பூச்சு மருந்துக் குழாய்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிரெட்னிசலோனை எத்தனை மில்லிகிராம், எவ்வளவு காலம் குடித்தார், எப்போது நிறுத்தினார் என்பதை அனுமதிக்கும் வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாமசியில் தாமாக வாங்கியதை வெட்கப்பட்டு மறைத்தால், அங்கே உள்ளவர்கள் கிருமித் தொற்று என்று எண்ணிச் சிகிச்சையைத் தொடங்க இடமுண்டு. குளிசையைத் திரும்பத் தொடங்குவதா இல்லையா என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும்.

தாதி, களுவாஞ்சிக்குடி எழுதியது:

மருந்தாளர் ஐயா கூறியதோடு வீட்டார் கவனத்துக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன். புறப்படுவதற்கு முன் உப்பு நீரிலோ வேப்பிலை அவித்த நீரிலோ தேய்த்துக் குளிப்பாட்டாதீர்கள். கொப்புளங்களை உடைக்க வேண்டாம். பழைய, மெல்லிய பருத்திச் சாரனைப் போர்த்திக் கூட்டிச் செல்லுங்கள்; அவருக்குக் குளிரும் என்பதால் காரின் ஏசியைக் குறைத்து வையுங்கள்.

உடலின் பெரும்பகுதித் தோல் இவ்வாறு சிவக்கும்போது, உள்ளே இருக்கும் வெப்பத்தையும் நீரையும் காக்கும் வேலையைத் தோலால் செய்ய முடியாமற் போய்விடுகிறது. வெளியே மட்டக்களப்பு வெயில் கொளுத்தினாலும் நோயாளி நடுங்குவது அதனால்தான். தோலுக்குப் பாயும் இரத்தம் அளவுக்கு மீறிக் கூடுவதால் இதயத்துக்கும் சுமை ஏறுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்படலாம், கிருமிகள் இரத்தத்தில் கலக்கலாம். வயது கூடியவர்களில் இவ்வாறு உயிரிழப்பு ஏற்பட்டதும் உண்டு. தோல் வருத்தம்தானே என்று எவரும் இலேசாக எண்ணிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் வழியில் கவனியுங்கள். நீண்ட நாள் ஸ்டீரொயிட் குடித்து நிறுத்தியவர் வாந்தி எடுத்து, தலைசுற்றி, எழுந்து நிற்க முடியாமல் சோர்ந்தால் அது தோலோடு சம்பந்தப்படாத வேறோர் ஆபத்து. அதையும் அங்கே சொல்ல வேண்டும்.

நெற்காணி, செங்கலடி எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. வாகனம் வந்துவிட்டது, புறப்படுகிறோம்.

ஓய்வுநிலை மருந்தாளர் எழுதியது:

அவர்கள் போய்ச் சேரட்டும். இந்த இழையை வேறு குடும்பங்களும் படிக்கக்கூடும் என்பதால், என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சொரியாசிஸ் தொற்று நோய் அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தூண்டிக்கொண்டிருப்பதால் வருவது. சாதாரணமாக ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படும் மேற்தோல், இந்நோயில் சில நாட்களுக்குள்ளேயே புதுப்பிக்கப்படுவதால்தான் செதில் குவிகிறது. பிரெட்னிசலோன் அந்த எதிர்ப்புச் சக்தியை மொத்தமாக அமுக்கிவிடுகிறது. ஆகவே தோல் மிக விரைவாகத் தெளிகிறது, நோயாளிக்கோ மருந்தின் மீது பெரும் நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் நோய் தணியவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. திடீரென நிறுத்துவது உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளை ஒரே நேரத்தில் திறப்பதற்கு ஒப்பானது. முன்பு முழங்கையில் மட்டும் இருந்த நோய் உடல் முழுவதும் சிவப்பாகவோ சீழ்க் கொப்புளங்களாகவோ திரும்பி வரலாம். இந்தக் கொப்புள வகையை 1910இல் ஜெர்மானிய வைத்தியர் லியோ வொன் சும்புஷ் விவரித்தார். அதனால் அவருடைய பெயரே அதற்கு இன்றும் வழங்குகிறது. அதைத் தூண்டும் காரணங்களில் ஸ்டீரொயிட்டைச் சடுதியாக நிறுத்துவது நன்கு அறியப்பட்ட ஒன்று.

இரண்டாவது விடயம், தாதி அம்மணி குறிப்பிட்ட ஆபத்து. நமது சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் தினமும் இயற்கையாகவே ஸ்டீரொயிட் சுரக்கின்றன. வெளியிலிருந்து மூன்று வாரங்களுக்கு மேல் குளிசை கொடுத்தால் அவை வேலையைக் குறைத்துவிடும். குளிசை நின்ற மறுநாளே அவை விழித்துக்கொள்வதில்லை. அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துமாறு கூறுவதன் காரணங்களுள் இது முக்கியமானது.

எங்கள் பகுதிப் பாமசிகளில் பழைய துண்டுக்கு மருந்து கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை போதாது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

வாவிக்கரையார் எழுதியது:

மருந்தாளர் அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் உணவை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி போன்ற கிரந்திச் சாமான்களைத் தோல் வருத்தக்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்று எமது முன்னோர்கள் காரணமின்றியா சொன்னார்கள்? எனது மைத்துனர் ஆங்கில மருந்துகள் அனைத்தையும் விட்டுவிட்டு, படுவான்கரையில் ஒருவர் கொடுக்கும் தூளைப் பத்தியத்தோடு உட்கொண்டார். சில நாட்களிலேயே செதில் கொட்டிப்போய்த் தோல் பளபளப்பாக வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

சித்தர்வழி, காரைதீவு எழுதியது:

ஐயா, நான் பதிவு செய்யப்பட்ட சித்த மருத்துவர். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயின்றவன். நாட்டு வைத்தியத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது என்பதைத் தாங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். காளாஞ்சகப் படை என்று நாங்கள் சொல்லும் இந்நோய்க்கு வெட்பாலைத் தைலம் முதலியவற்றை நானும் கொடுத்து வருகிறேன். அவற்றின் பலன் மெதுவாகத்தான் தெரியும். சிலருக்குப் போதாமலும் இருக்கும். அத்தகையவர்களைத் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புவதற்கு நான் தயங்குவதில்லை.

தங்கள் மைத்துனர் பற்றிய செய்தியில் என்னைக் கலங்க வைப்பது அந்த வேகம்தான். பெயரும் பொருட்பட்டியலும் இல்லாத ஒரு தூள் பல ஆண்டுச் சொரியாசிஸைச் சில நாட்களில் பளபளப்பாக்குமானால், அதில் ஸ்டீரொயிட் குளிசையை இடித்துக் கலந்திருக்கிறார்களா என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். மூலிகை மருந்து என்ற பெயரில் அவ்வாறு கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பசி கூடுதல், முகம் உருண்டு வருதல், தூளை நிறுத்தினால் நோய் பாய்ந்து திரும்புதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவர் இன்னும் அதைச் சாப்பிடுகிறார் என்றால் தாமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். தூளையும் கையில் கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லச் சொல்லுங்கள். நான் இவ்வாறு எழுதுவது எமது துறையின் பெயரைக் கெடுப்பவர்கள் மீதுள்ள கோபத்தினாலும்தான்.

பத்தியத்தைப் பொறுத்தவரை, ஒருவருக்கு ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அவர் அதைத் தவிர்ப்பதில் தவறில்லை. ஆனால் உடல் முழுவதும் செதில் உதிரும் ஒருவர் அதனோடு புரதச் சத்தையும் இழக்கிறார். அந்த வேளையில் மீனையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்திக் கஞ்சியில் மட்டும் வைத்திருப்பது அவரை மேலும் பலவீனப்படுத்தும். கிரந்தியைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் நம்மவர்கள் சாராயத்தையும் சிகரெட்டையும் பற்றி வாய் திறப்பதில்லை. சொரியாசிஸைக் கூட்டுவதில் அவ்விரண்டுக்கும் உள்ள பங்கு இறாலுக்கு இல்லை.

வாவிக்கரையார் எழுதியது:

தூளில் மருந்து கலப்பார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. மைத்துனரின் முகம் பருத்திருப்பதை நாங்கள் உடம்பு தேறியதாகவே கருதினோம். இன்று மாலை அவரிடம் பேசுகிறேன். கிரந்தி பற்றிய எனது கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

கல்முனைத் தங்கை எழுதியது:

இந்த இழையை வாசிப்பவர்கள், மருந்தால் நோய் கூடியது என்றால் அந்த மருந்தை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டு நிலையை எழுதுகிறேன்.

எனது அக்காவுக்கு இருமுனை மனநோய் இருப்பதால் லிதியம் தொடங்கினார்கள். அதற்கு முன் அவருக்குத் தலையில் பொடுகு போல் சிறிதளவு சொரியாசிஸ் இருந்ததே தவிர, வேறெங்கும் இருக்கவில்லை. லிதியம் தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு கால்களிலும் முதுகிலும் தடித்த படைகள் வந்தன. இடைவெளி நீண்டிருந்தபடியால் எவரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. தோல் கிளினிக்கில் மருந்துகளின் பட்டியலைக் கேட்ட வைத்தியரே, லிதியம் சொரியாசிஸைப் புதிதாகத் தோற்றுவிக்கவும் இருப்பதைக் கூட்டவும் கூடியது என்று விளக்கினார்.

அதைக் கேட்டதும் அம்மா அன்றே குளிசையை நிறுத்திவிட எண்ணினார். வைத்தியர் உறுதியாகத் தடுத்தார். லிதியத்தைச் சடுதியாக நிறுத்தினால் மனநோய் கடுமையாகத் திரும்பும் என்றும் தற்கொலை ஆபத்துக் கூடும் என்றும் சொல்லி, மனநல வைத்தியருக்குக் கடிதம் எழுதினார். அக்காவின் மனநிலை பல ஆண்டுகளுக்குப் பிறகு சீராக இருந்ததால், லிதியத்தை அப்படியே விட்டுவிட்டுத் தோலுக்கான சிகிச்சையைக் கூட்டுவது என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். தோல் முற்றாகத் தெளியவில்லை. ஆனால் அக்கா மீண்டும் தையல் வேலைக்குச் செல்கிறார். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு சரியாகவே படுகிறது.

உறுப்பினர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: மூட்டு நோவுக்கு வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுரொபன் போன்ற குளிசைகள் இரத்தத்தில் லிதியத்தின் அளவை ஆபத்தான மட்டத்துக்கு ஏற்றக்கூடியவை. அதனால் அக்காவுக்குக் கிளினிக்கில் கேட்காமல் எந்த நோக் குளிசையும் நாங்கள் கொடுப்பதில்லை.

அக்கரை ஆசிரியர் எழுதியது:

சகோதரியின் பதிவு மிகவும் பயனுள்ளது. கண்ணுக்கு இடும் துளி மருந்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனது தாயாருக்குக் குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்காக டிமோலோல் துளி கொடுத்திருந்தார்கள். இது பீட்டா புளொக்கர் என்ற வகையைச் சேர்ந்தது; பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனலோல், மெட்டோபுரொலோல், தலையிடிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் புரொபிரனலோல் ஆகியவையும் அதே வகையே. இவ்வகை மருந்துகள் சொரியாசிஸைக் கூட்டக்கூடும் என்பதும், அது வாரங்களில் அல்லாமல் மாதங்கள் கழித்தும் நடக்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று தோல் கிளினிக்கில் கேட்டபோதெல்லாம் தாயார் குளிசைகளை மட்டும் சொன்னார். கண் துளியை மருந்தாக அவர் கருதவேயில்லை. அது தெரிய வந்ததும் கண் வைத்தியர் வேறு வகைத் துளிக்கு மாற்றினார். அதன் பின் படைகள் குறைந்தன, முற்றாகப் போகவில்லை. பிரஷர் குளிசையானாலும் சரி, கண் துளியானாலும் சரி, தாமாக நிறுத்துவது இதயத்தையோ பார்வையையோ பணயம் வைப்பதாகும்.

வாழைச்சேனை வாசகன் எழுதியது:

2006ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குன்யா எமது கிழக்கு மாகாணத்தையும் வாட்டியது பலருக்கும் நினைவிருக்கும். காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்த நோவுக்குச் சிலர் மலேரியாக் குளிசையான குளோரோகுயினைப் பாவித்தார்கள். அதுவும் சொரியாசிஸைக் கூட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்று மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அதற்கு உறவானது என்கிறார்களே, உண்மையா?

ஓய்வுநிலை மருந்தாளர் எழுதியது:

உண்மைதான். இரண்டும் ஒரே குடும்பம். சொரியாசிஸ் உள்ள சிலரில் சில வாரங்களுக்குள் நோயைக் கிளப்பிவிட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. எல்லோருக்கும் அவ்வாறு நடப்பதில்லை. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் உடலில் நீண்ட காலம் தங்கும் மருந்து என்பதால், நிறுத்திய பிறகும் அதன் விளைவு உடனே மறைந்துவிடாது.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை மூட்டு நோயும் பெறக்கூடும். விரல்கள் வீங்கி, காலையில் மூட்டுகள் இறுகி நிற்பதைச் சிக்குன்குன்யாவின் மிச்சம் என்றோ சாதாரண வாதம் என்றோ கருதி வேறு வழியில் மருந்து எடுப்பவர்கள் உண்டு. நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தால், தோலில் படைகள் குறைவாக இருந்தாலும் அதை வைத்தியரிடம் காட்டுங்கள். மூட்டு வைத்தியரிடம் தோலைப் பற்றியும், தோல் வைத்தியரிடம் மூட்டைப் பற்றியும் சொல்லாமல் இருப்பது எமது நோயாளிகளின் வழக்கமாகவே இருக்கிறது. கிளினிக் கொப்பிகளைத் தனித்தனியாக வைத்திருப்பதும் அதற்குத் துணைபோகிறது.

காத்தான்குடி உம்மா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மெதொட்ரெக்சேட் பற்றி ஆரம்பப் பதிவில் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்னும் எவரும் பதில் தரவில்லை என்பதால் எழுதுகிறேன். எனது கணவர் பல ஆண்டுகளாக அந்தக் குளிசையைப் பாவித்து வருகிறார்.

புற்றுநோய்க்கும் அது கொடுக்கப்படுவது உண்மை. ஆனால் சொரியாசிஸுக்குப் பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரையே கொடுக்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் சில வேளைகளில் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் போகும் என்று எங்கள் வைத்தியர் விளக்கினார். 1970களின் தொடக்கத்திலிருந்தே சொரியாசிஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து அது. பயப்பட வேண்டியது பெயருக்கு அல்ல, பாவிக்கும் முறைக்கே. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய அந்தக் குளிசையைத் தினமும் குடித்து, வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மச்சையில் இரத்த உற்பத்தி நின்று உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று கொப்பியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, அட்டையை எனது அலுமாரியில் வைத்திருக்கிறேன். போலிக் அமிலக் குளிசையை வேறொரு நாளில் கொடுக்கிறேன். 2.5 மில்லிகிராம் குளிசையும் 10 மில்லிகிராம் குளிசையும் பார்வைக்கு ஒத்திருக்கலாம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் வெளியே வாங்க நேரிட்டபோது, அட்டையிலுள்ள அளவை வாசித்துப் பார்க்காமல் நான் ஒன்றையும் கொடுத்ததில்லை.

நோன்பு காலத்தைப் பற்றிச் சகோதரிகள் சிலர் கேட்பதுண்டு. வாரத்துக்கு ஒரு தடவை என்பதால் நோன்பு திறந்து சாப்பிட்ட பின் இரவில் கொடுத்துவிடலாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இரவிலே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். உடல் முழுவதும் நோய் பரவியிருக்கும் வேளையில் நோன்பு பிடிப்பது சம்பந்தமாக முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்; நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு.

குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் இந்த மருந்தை எடுக்கவே கூடாது. ஆண்களும் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். குடிப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஈரல் பாதிக்கப்படும். இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடக் கூடாது.

ஓய்வுநிலை மருந்தாளர் எழுதியது:

சகோதரி எழுதியதைவிடத் தெளிவாக ஒரு மருந்தாளராலும் எழுத முடியாது. விவசாயக் குடும்பங்களுக்காக மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இது மட்டக்களப்பு, அம்பாறை வயல்வெளிகளுக்கே உரிய சிக்கல்.

எலிக்காய்ச்சல் ஆபத்துள்ள போகங்களில் வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுவது உங்களுக்குத் தெரியும். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பது. வாரத்துக்கு ஒன்று என்று இரண்டு மருந்துகள் ஒரே அலுமாரியில் இருந்தால் குழப்பம் நேர்வதற்கு அதிக நேரம் தேவையில்லை. அது ஒரு புறமிருக்க, டொக்சிசைக்கிளின் வகை மருந்துகள் மெதொட்ரெக்சேட்டின் நச்சுத் தன்மையைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கை மருந்து நூல்களில் உள்ளது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்றிமொக்சசோல் இதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மெதொட்ரெக்சேட் எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. மறுபுறம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் விவசாயிக்கு எலிக்காய்ச்சல் வந்தால் அதுவும் விளையாட்டான விடயம் அன்று. எனவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் வாங்கும்போது மெதொட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லுங்கள். கிளினிக்கில் வயல் வேலை செய்வதைச் சொல்லுங்கள். கேட்காமலேயே சொல்லுங்கள்.

நெற்காணி, செங்கலடி எழுதியது:

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். அண்ணன் வைத்தியசாலை விடுதியில் இருக்கிறார். காய்ச்சல் குறைந்துவிட்டது, கொப்புளங்கள் வற்றி உரிந்து வருகின்றன, கால்களில் சிவப்பு இன்னும் இருக்கிறது. குளிசைகள் அடங்கிய பையைக் கொண்டு சென்றது பெரிதும் உதவியது. பிரெட்னிசலோனைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கி, அது நோயை அடக்கி வைத்திருக்கும் வேளையில் சொரியாசிஸுக்கான வேறு மருந்தை நிலைபெறச் செய்து, பிறகு ஸ்டீரொயிட்டைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாகத் தோல் வைத்திய நிபுணர் கூறினார். அந்த வேறு மருந்து மெதொட்ரெக்சேட்தான். காத்தான்குடிச் சகோதரியின் பதிவை அண்ணனுக்கு விடுதியிலேயே வாசித்துக் காட்டினேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் முடிந்த பிறகு அண்ணன் சம்மதம் கொடுத்தார்.

இப்போது எங்களுக்குள்ள கவலை வேறு. அடுத்த மாரியிலும் ஆஸ்துமா முட்டு வரத்தானே செய்யும்? அப்போது பிரெட்னிசலோன் கொடுத்தால் வேண்டாம் என்று மறுத்துவிட வேண்டுமா? அண்ணன் பயத்தில் உறிஞ்சும் பம்மைக்கூடத் தொட மறுக்கிறார்.

தாதி, களுவாஞ்சிக்குடி எழுதியது:

அண்ணன் தேறி வருவது மகிழ்ச்சி. பம்மை நிறுத்தவே கூடாது என்று உடனடியாகச் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் உறிஞ்சும் மருந்தில் ஸ்டீரொயிட் இருந்தாலும் அதன் அளவு மிகச் சிறியது. வழமையான அளவில் இரத்தத்தில் கலப்பது குறைவு. அதை ஒழுங்காக எடுத்தால் கடும் முட்டு வருவதே குறையும், குளிசைக்கான தேவையும் குறையும். உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

முட்டு கடுமையாகி, பேச முடியாமல் மூச்சு வாங்கும் நிலை வந்தால் பிரெட்னிசலோனை மறுக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஆஸ்துமாதான் உயிரை எடுக்கும், சொரியாசிஸ் அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களிடம் முன்பு நிறுத்தியபோது கொப்புளம் பாய்ந்த கதையையும் மெதொட்ரெக்சேட் எடுப்பதையும் சொன்னால் போதும். சில நாள் சிகிச்சை முடிந்ததும் அடுத்த தோல் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் முன்கூட்டியே சென்று காட்டுங்கள். மெதொட்ரெக்சேட் எடுப்பவருக்குப் புதிதாக வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், அதை வழக்கமான முட்டு என்று நினைத்துப் பம்மை மட்டும் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அரிதாக அந்த மருந்தே நுரையீரலைப் பாதிப்பதுண்டு, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

விடுதியிலிருந்து வெளியேறும் நாளில் பிரெட்னிசலோனைக் குறைக்கும் ஒழுங்கைத் திகதி வாரியாக எழுதித் தருமாறு கேளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி அண்ணியிடம் இருக்கட்டும். பழைய மருந்துத் துண்டையும் அவரிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.